பழைய ஒலி இடைமுகங்களும் திறமூல இயக்கிகளும்

ஒலி இடைமுகம் என்பது ஒலிவாங்கி, கித்தார் முதலியவற்றின் மின்குறிகையை எண்ணிம வடிவுக்கு மாற்றிக் கணினிக்கு அனுப்பும் கருவி ஆகும். வழக்கில் இதைச் 'சவுண்டு கார்டு' என்றும் சொல்வர். பாட்டு, சொற்பொழிவு, கடை விளம்பர அறிவிப்பு என எதையும் தெளிவாகப் பதிவு செய்ய இது பயன்படுகிறது. இக்கருவியையும் இயங்குதளத்தையும் இணைக்கும் மென்பொருள் இயக்கி எனப்படும். மின்சுற்று பழுதின்றி இருந்தும், ஏற்ற இயக்கி கிடைக்காததால் பல கருவிகள் மூலையில் கிடக்கின்றன. அவற்றை லினக்சின் திறமூல இயக்கிகளால் மீண்டும் இயக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவி கைவிடப்படுவது ஏன்?

விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கான இயக்கியைப் பெரும்பாலும் கருவியைத் தயாரித்த நிறுவனமே எழுதுகிறது. இயங்குதளம் மாறும்போது இயக்கியையும் திருத்த வேண்டும். விற்பனை நின்றுபோன கருவிக்கு நிறுவனம் அந்தச் செலவைச் செய்வதில்லை. மூல நிரல் மூடப்பட்டிருப்பதால் பிறராலும் திருத்த முடியாது.

லினக்சில் ஒலி இயக்கிகளின் மூல நிரல் கருனியோடு சேர்ந்தே இருக்கிறது. கருனியில் மாற்றம் செய்வோர் அதனால் பாதிக்கப்படும் இயக்கிகளையும் சேர்த்துத் திருத்துகின்றனர். இந்த இயக்கிகளின் தொகுதி அல்சா எனப்படும். கிராவிஸ் அல்ட்ராசவுண்டு அட்டைக்காக யாரோசுலாவ் கைசெலா எழுதிய இயக்கியிலிருந்து 1998இல் இத்திட்டம் வளர்ந்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கருனியில் இதுவே லினக்சின் முதன்மை ஒலி அமைப்பானது.

இணைப்பு வகையும் வாய்ப்பும்

ஒரு கருவி இயங்குமா என்பதை அதன் வயதைவிட அது கணினியோடு இணையும் முறையே தீர்மானிக்கிறது.

யுஎஸ்பி: யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கான பொது விதிமுறை 1998இலும், அதன் இரண்டாம் பதிப்பு 2006இலும் வந்தன. இவற்றைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி இயக்கி தேவையில்லை. செருகியவுடன் லினக்சு கண்டுகொள்ளும். சில கருவிகள் தமக்கெனத் தனி முறையைக் கொண்டவை. எடுத்துக்காட்டாக, டாஸ்காம் யுஎஸ்-122 கருவிக்கு அல்சாவில் தனி இயக்கி உண்டு. ஆனால் இணைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்து நிலைபொருள் ஏற்றப்பட வேண்டும். அந்த நிலைபொருள் தொகுப்பை நிறுவாவிட்டால் கருவி செயலற்றதுபோல் தோன்றும்.

பிசிஐ அட்டை: எம்-ஆடியோ டெல்டா 44, 66, 1010 ஆகியவற்றில் உள்ள என்வி24 சில்லுக்கு அல்சாவில் இயக்கி உண்டு. இங்கே தடை மென்பொருளால் அன்று. புதிய கணினிகள் பலவற்றில் பிசிஐ செருகுவாய் இல்லை.

ஃபயர்வயர்: 1995இல் தரப்படுத்தப்பட்ட இவ்விணைப்பு, பல தடங்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யும் கருவிகளில் அதிகம் பயன்பட்டது. ஃப்ரீபாப் என்று தொடங்கிப் பின்னர் எஃப்எஃப்ஏடிஓ எனப் பெயர் மாறிய திறமூலத் திட்டம் முதலில் இவற்றுக்கு வழி செய்தது. 2014இல் வந்த 3.16 கருனியில் பீபாப், ஃபயர்வொர்க்ஸ் ஆகிய இரு வகைக் கருவிகளுக்கான இயக்கிகள் சேர்க்கப்பட்டன. எக்கோ நிறுவனத்தின் ஆடியோஃபயர் கருவிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சிவகாசிப் பட்டாசுக்கும் இந்த ஃபயர்வொர்க்சுக்கும் பெயரளவில்தான் தொடர்பு.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவி வழங்கப்பட்டது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். டெபியனைப் போலவே இதிலும் அல்சா இயக்கிகள் கருனியோடு வருகின்றன. விருதுநகரிலோ சிவகாசியிலோ அத்தகைய மடிக்கணினி வீட்டில் உள்ள மாணவர், பழைய யுஎஸ்பி இடைமுகம் ஒன்று கிடைத்தால் புதுச் செலவின்றிப் பதிவைத் தொடங்க வாய்ப்புண்டு. பழைய கணினிக்குப் பளு குறைந்த புதிய லினக்சுப் பதிப்பை நிறுவுவது நல்லது.

செய்முறை

1. கருவியின் முழு மாதிரிப் பெயரைக் குறித்துக்கொள்க. யுஎஸ்-122, யுஎஸ்-122எல் ஆகிய இரண்டும் பெயரில் ஒத்திருந்தாலும் வெவ்வேறு இயக்கிகளைக் கேட்பவை.

2. மின்வழங்கியைச் சரிபார்க்க. சில பழைய கருவிகள் மாறுமின்னோட்ட அடாப்டர் கேட்கும்; நேர்மின்னோட்ட அடாப்டரை மாற்றிச் செருகக் கூடாது. யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவியை ஹப் வழியாக அல்லாமல் நேரடியாக இணைக்க.

3. நிறுவும் முன், பென் டிரைவிலிருந்து இயங்கும் உபுண்டு ஸ்டுடியோ போன்ற பதிப்பில் சோதிக்க. ஒலி அமைப்புகளில் கருவியின் பெயர் தோன்றினால் பாதி வேலை முடிந்தது.

4. பெயர் தோன்றாவிட்டால் கருனியின் செய்திப் பதிவைப் பார்க்க. நிலைபொருள் கிடைக்கவில்லை என்ற செய்தி இருந்தால் உரிய தொகுப்பை நிறுவுக.

5. ஃபயர்வயர் கருவி எனில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு உள்ள அட்டையைத் தேர்க. ஃபயர்வயர் வடத்தை யுஎஸ்பியாக மாற்றும் மலிவான இணைப்பிகள் இதற்கு உதவா.

6. ஜாக் அல்லது பைப்வயரில் இடையக அளவை அமைக்க. வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, 256 மாதிரிகள் கொண்ட இடையகம் ஏறத்தாழ 5.3 மில்லிவினாடி தாமதம் தரும். ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் 512 ஆக உயர்த்துக.

வரம்புகள்

ஒலி வந்துவிட்டாலும் கருவியின் எல்லா வசதிகளும் கிடைப்பதில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை, உள்ளமைந்த எதிரொலி விளைவுகள் ஆகியவை சிலவற்றில் இயங்கா. எனவே பழைய கருவியை விலைக்கு வாங்குவோர், பணம் கொடுக்கும் முன்பே தம் மடிக்கணினியில் இணைத்து, உள்ளீடு, வெளியீடு இரண்டையும் சோதிக்க வேண்டும்.

திறமூல இயக்கியும் தானாக என்றென்றும் நிலைப்பதில்லை. ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவை நீக்கியது. லினக்சில் அது தொடர்கிறது. தகாஷி சகாமோட்டோ என்னும் நிரலாளர் 2023இல் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஏற்று, 2029 வரை கவனிக்கும் திட்டத்தை அறிவித்தார். அதற்குள் பயனர்கள் வேறு கருவிகளுக்கு மாறிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மூல நிரல் திறந்திருப்பதால், அதன் பிறகும் கற்றறிந்தவர் எவரும் அப்பணியைத் தொடர முடியும். மூடிய இயக்கியில் இந்த வாய்ப்பு இல்லை.