ஆசிரியருக்கு ஓர் உதவியாள்

  

1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிற்று. அதனையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகப் போற்றுகிறோம். அன்றுமுதல் இன்றுவரை பாடம் நடத்துவதற்குப் பயிற்றுத் துணைப்பொருள்கள் இன்றியமையாதன. நாம் ஆசிரியர் கல்லூரியில் பயின்றபோது, மணிலா அட்டையைக் கத்தரித்து மின்னட்டை செய்வதற்கே இரவுகள் பல கழிந்தன.

2022ஆம் ஆண்டு நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது. அது கேட்டதற்கு விடை எழுதும் பொறி. அதனைத் தொடர்ந்து பரவியதே ‘தன்னியக்க முகவர்’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. இவற்றிடையே வேறுபாடு யாது? தோட்டத்தில் கங்காணியார் நிரை பிரித்து, வேலையைப் பகிர்ந்து, முடிந்தபின் சுற்றிப் பார்ப்பார் அல்லவா? முகவரும் அவ்வாறே. “நான்காம் ஆண்டிற்குப் பின்னக் கணக்குகள் பத்து, விடைகளுடன் வேண்டும்” என்று பணித்தால், வேலையைப் படிப்படியாகப் பிரிக்கும், கொடுத்த பாடநூலைப் பார்க்கும், கணக்கை எழுதும், தானே செய்து பார்த்துத் திருத்தும், இறுதியில் பயிற்சித்தாளாக்கித் தரும். மெல்லக் கற்கும் மாணவர்க்கு எளிய தாளொன்றும் உடன் கிடைக்கும்.

எனினும் ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுகிறோம். ‘எங்கள் தோட்டம்’ என்னும் வாசிப்புப் பகுதியை முகவரிடம் எழுதச் சொன்னோம். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால், அத்தோட்டத்தில் ரோஜாவும் மல்லிகையும் பூத்திருந்தன. பால்மரம் வெட்டும் தாத்தா கோடரியால் மரத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்! ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, எங்க தாத்தா மரத்தைச் சாய்க்கலையே, கோடு போட்டுப் பால்தானே எடுத்தாரு?” என்றாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. முன்னதாகப் படித்துப் பாராத குற்றம் நம்முடையதன்றோ?

இப்பிழைக்குக் காரணம் உண்டு. பொறி, எழுதப்பட்டவற்றிலிருந்தே கற்கிறது. அவற்றுள் ஆங்கிலமே மிகுதி, தமிழ் குறைவு. நம் தோட்டத்துச் சொற்களோ வாய்மொழியாகவே வாழ்ந்தவை. ஏட்டில் ஏறியவை மிகச் சில. எழுதாத சொல்லைப் பொறி அறியாது. செம்பனை சூழ்ந்த இந்நாளில், பால்மரத்துச் சொற்களை நம் பிள்ளைகளும் மறந்துவிடக்கூடும்.

ஆகவே சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். முகவர் தரும் ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் படித்த பின்னரே மாணவர் கையில் கொடுப்போம். மாணவரின் பெயரையும் புள்ளிகளையும் பொறியிடம் கொடோம். வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதற்குப் பதின்மூன்று வயதேனும் நிரம்பியிருத்தல் வேண்டுமென யுனெஸ்கோ 2023இல் பரிந்துரைத்தது. ஆதலின் நம் சிறுவர்கள் அதனைத் தாமாகக் கையாள வேண்டா.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள முதியோரிடம் பால்மரக் காட்டுச் சொற்களைக் கேட்டு, பிள்ளைகளின் ஏட்டில் எழுதி அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்துப் பாடமாக்குவோம். பொறி நம்மிடம் கற்கட்டும். அதற்கு முன்னர் நம் பிள்ளைகள் கற்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!