கொலுப் பொம்மைக்கு வார்னிஷ் அடிக்கும் முன்

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நம் வீடுகளில் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்கும். மூக்கு உடைந்த செட்டியாருக்குக் கொஞ்சம் வர்ணம் தொட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கை வார்னிஷ் போட்டால் புதிது போல மின்னும் என்று நினைக்கிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் கிருஷ்ணர் மேல் பால் தெளித்தது போல வெண்படலம்! கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டார் என்று திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் அவருடையதல்ல, திருவனந்தபுரத்துக் காற்றினுடையது.

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இங்கே எழுந்தருளும் நாட்களை நினைத்துப் பாருங்கள். இடவப்பாதி மழை முழுவதும் ஓய்ந்திருக்காது. துலாவர்ஷம் வாசலில் நிற்கும். வார்னிஷில் உள்ள ஸ்பிரிட்டோ தின்னரோ வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. காயும் வார்னிஷ் அந்த நுண்துளிகளை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெண்மை அதுதான். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பிரஷைத் தொடக்கூடாது என்பது வர்ண வேலையில் பொது விதி. ஹைக்ரோமீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வேலை தொடங்கிய ரயில்வே பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. வீட்டில் கேலி செய்கிறார்கள்.

வெண்படலம் வந்துவிட்டால் சுரண்ட வேண்டாம். அவசரப்பட்டு அதே நாளில் இன்னொரு பூச்சும் வேண்டாம். காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். லேசான படலம் சில சமயம் தானே மறையும். மறையாவிட்டால் நல்ல வெயில் நாளின் நண்பகலில், அதே வகைப் பளபளப்பு வார்னிஷை மிக மெல்லியதாக ஒரு முறை ஸ்பிரே செய்யுங்கள். புதிய பூச்சிலுள்ள தின்னர் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை வெளியேற்றும். கார் பெயின்ட் கடைகளில் 'ரிடார்டர்' என்று கேட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கிடைக்கும். செல்லுலோஸ் வகை வார்னிஷில் அதைச் சிறிது கலந்தால் படலம் வருவது குறையும். எதையும் முதலில் பொம்மையின் அடிப்பாகத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மாட் வார்னிஷில் வரும் வெண்மை வேறு. பளபளப்பை மங்கவைக்கச் சேர்த்திருக்கும் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். சரியாகக் குலுக்காமல் கனமாக அடித்தால் அது மடிப்புகளில் மாவு போலத் தேங்கும். மேலே ஒரு பளபளப்புப் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அது காய்ந்த பிறகு, நன்றாகக் குலுக்கி மெல்லியதாக மாட் அடிக்கலாம்.

போஸ்டர் கலர் பூசிய மண் பொம்மையின் மேல் தண்ணீர் கலந்த வார்னிஷைப் பிரஷால் இழுத்தால், அம்மன் புடவையின் சிவப்பு முகத்துக்கு ஏறிவிடும். அங்கே ஸ்பிரேதான் சரி. எனாமல் பெயின்ட் மேல் செல்லுலோஸ் வார்னிஷ் அடித்தால் பெயின்டே சுருங்கி எழும்பிவிடும். இதற்கு மருந்து கிடையாது; சுரண்டிவிட்டுப் புதிதாகத்தான் வர்ணம் பூச வேண்டும்.

இன்னொன்று. கொலு முடிந்ததும் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போடுவது நம் வழக்கம். முழுவதும் இறுகாத எண்ணெய் வார்னிஷ் தாளைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வருஷம் பிள்ளையார் தும்பிக்கையில் தலைப்புச் செய்தியைப் படிக்கலாம்! அடிப்பாகத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டித் துணியே நல்லது.

பாட்டி காலத்துப் பொம்மைகளுக்கு வார்னிஷே வேண்டாம் என்பது என் கட்சி. எண்ணெய் வார்னிஷ் இருட்டுப் பரணில் மஞ்சளாகிவிடும். அதை எடுக்கத் தின்னர் தொட்டால், அந்தக் கால வர்ணமும், கூடவே கண்ணும் புருவமும் போய்விடும். இனி அந்தக் கையால் யார் கண் எழுதித் தருவார்கள்? உலர்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். மரப்பாச்சிக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

நம் ஊரில் வார்னிஷ் வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. ஆகவே இந்த வருஷம் கொலுவைப் பிரிக்கும்போது, பழுது பார்க்க வேண்டிய பொம்மைகளை மட்டும் தனிப் பெட்டியில் வைத்து, மேலே 'தை' என்று பெரிதாக எழுதிப் பரணின் முன்பக்கத்தில் வையுங்கள்.