இரட்டை வரைகலை அட்டைகளும் தாய்ப்பலகையும்

இரட்டை வரைகலை அட்டை முறை என்பது ஒரே கணினியில் இரண்டு வரைகலை அட்டைகளைப் பொருத்தி, ஒரே காட்சியை உருவாக்கும் வேலையை அவற்றிடையே பகிர்ந்தளிக்கும் முறை ஆகும். என்விடியா நிறுவனத்தின் எஸ்.எல்.ஐ., ஏடிஐ நிறுவனத்தின் கிராஸ்ஃபயர் ஆகியவை இம்முறையின் இரு முதன்மை வடிவங்கள். கணினி விளையாட்டுகளுக்காகவே இவை பெரிதும் பயன்பட்டன.

இரண்டாவது அட்டையால் எதிர்பார்த்த வேகம் கிடைக்காதபோது, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையை மாற்றினால் வேகம் கூடுமா என்ற கேள்வி எழுவது வழக்கம். தாய்ப்பலகை காட்சிகளைக் கணிப்பதில்லை. அட்டைகளுக்குத் தரவு செல்லும் வழியையே அது தருகிறது. எனவே அவ்வழி குறுகலாக இருந்தால் மட்டுமே புதிய தாய்ப்பலகையால் குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கும்.

வரலாறு

1998 ஆம் ஆண்டில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ2 அட்டைகள் இரண்டை இணைத்துப் பயன்படுத்த முடிந்தது. திரையின் கிடைவரிகளை இரு அட்டைகளும் ஒன்று விட்டு ஒன்றாக வரைந்தன. பின்னர் பரவலான ஏஜிபி முறையில் தாய்ப்பலகைகள் பொதுவாக ஒரே ஒரு ஏஜிபி செருகுவாயைக் கொண்டிருந்தமையால், இரட்டை அட்டை முறை பின்தங்கியது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபின் இத்தடை நீங்கியது. 2004 இல் என்விடியா, ஜீஃபோர்ஸ் 6 வரிசை அட்டைகளுடன் எஸ்.எல்.ஐ. முறையை அறிமுகப்படுத்தியது. 2005 இல் ஏடிஐ கிராஸ்ஃபயர் முறையை வெளியிட்டது. 2006 இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது.

செயற்படும் முறை

பெரும்பாலான விளையாட்டுகளில் இரு அட்டைகளும் சட்டகங்களை மாறி மாறி வரைந்தன. முதல் சட்டகத்தை ஓர் அட்டையும் அடுத்த சட்டகத்தை மற்ற அட்டையும் உருவாக்கும். இரண்டாம் அட்டை முடித்த சட்டகம், திரையுடன் இணைந்துள்ள முதல் அட்டைக்கு வந்து சேர வேண்டும். இதற்காக இரு அட்டைகளையும் இணைக்கும் சிறு பாலம் ஒன்று பயன்பட்டது. 2013 இல் வெளிவந்த ஏஎம்டி ஆர்9 290 வரிசை அட்டைகளில் பாலம் இல்லை. சட்டகங்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவே சென்றன.

இரு அட்டைகளின் நினைவகங்களும் ஒன்றுசேர்வதில்லை. ஒரே காட்சிக்குரிய தரவு இரண்டிலும் தனித்தனியே இருக்க வேண்டும். ஆகவே 4 கிகாபைட்டு நினைவகம் கொண்ட இரு அட்டைகள் இருப்பினும், விளையாட்டுக்குக் கிடைப்பது 4 கிகாபைட்டே.

தடங்களும் வேகமும்

பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, தடங்கள் என்னும் சிறு வழிகளால் ஆனது. வரைகலை அட்டைக்கு உரிய முழு இணைப்பு 16 தடங்களைக் கொண்டது. ஒரு தடம் ஒரு திசையில் நொடிக்குக் கடத்தக்கூடிய அளவு, பதிப்புக்கு ஏற்ப மாறும்.

- பதிப்பு 1.0: 250 மெகாபைட்டு
- பதிப்பு 2.0: 500 மெகாபைட்டு
- பதிப்பு 3.0: ஏறத்தாழ 985 மெகாபைட்டு
- பதிப்பு 4.0: ஏறத்தாழ 1,969 மெகாபைட்டு

இதன்படி பதிப்பு 3.0 இன் 8 தடங்கள், பதிப்பு 2.0 இன் 16 தடங்களுக்கு ஏறத்தாழ ஈடானவை. தடங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வேகத்தை முடிவு செய்ய இயலாது.

செருகுவாயின் நீளமும் ஏமாற்றக்கூடும். 16 தடங்களுக்குரிய நீளம் கொண்ட செருகுவாயில் 4 தடங்களுக்கு மட்டுமே மின்னிணைப்பு இருக்கலாம். தாய்ப்பலகையின் கையேட்டில் இவ்விவரம் தரப்பட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

2013 இல் வெளிவந்த இன்டெலின் பி85, இசட்87 ஆகிய இரு சிப்செட்டுகளும் ஒரே வகை மையச் செயலகத்தை ஏற்பவை. அச்செயலகத்தில் வரைகலைக்கென 16 தடங்கள் உண்டு. இசட்87 தாய்ப்பலகைகளில் இத்தடங்களை எட்டு, எட்டாகப் பிரித்து இரு அட்டைகளுக்கு வழங்கலாம். பி85 இல் அவ்வாறு பிரிக்க இயலாது. எனவே பி85 பலகையில் இரண்டாவது நீண்ட செருகுவாய் இருந்தால், அது சிப்செட்டிலிருந்து பதிப்பு 2.0 இன் 4 தடங்களையே பெறும். இதன் வேகம் நொடிக்கு 2 கிகாபைட்டு; இசட்87 இன் 8 தடங்களில் ஏறத்தாழ 7.9 கிகாபைட்டு.

3840×2160 அளவுள்ள ஒரு சட்டகம், ஒரு படப்புள்ளிக்கு 4 பைட்டு எனக் கொண்டால், ஏறத்தாழ 33 மெகாபைட்டு ஆகும். நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டப்படும்போது இரண்டாம் அட்டை 30 சட்டகங்களை அனுப்ப வேண்டும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டு. பாலம் இல்லாத அட்டைகளில் இதுவே பி85 இன் குறுகிய வழியில் பாதியை எடுத்துக்கொள்ளும். அகன்ற வழியில் இது சிறு பகுதியே. இத்தகைய நிலையில் தாய்ப்பலகையை மாற்றுவது பயனளிக்கும். மாறாக, இரு அட்டைகளும் ஏற்கனவே பதிப்பு 3.0 இன் 8 தடங்களைப் பெற்றிருப்பின், 16 தடங்கள் தரும் விலையுயர்ந்த பலகைக்கு மாறினாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் வேறுபாடு சிறிதே.

பயன் தரும் பிற நிலைகள்

எஸ்.எல்.ஐ. இயங்க, தாய்ப்பலகைக்கு என்விடியாவின் உரிமம் தேவைப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் குறைந்தது 8 தடங்களும் தேவைப்பட்டன. இவை இல்லாத பலகையில் இரு அட்டைகளைப் பொருத்தினாலும் அம்முறையை இயக்க முடியாது. கிராஸ்ஃபயர் 4 தடங்களிலும் இயங்கியது.

செருகுவாய்களுக்கு இடையேயான தொலைவும் கருதத்தக்கது. அட்டைகள் நெருங்கியிருந்தால் மேலுள்ள அட்டைக்குக் காற்று போதாமல் வெப்பம் கூடும்; அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செருகுவாய்கள் தள்ளி அமைந்த பலகை இதனைத் தவிர்க்கும்.

பயன் தராத நிலைகள்

இயக்கி மென்பொருளில் குறிப்பிட்ட விளையாட்டுக்கு ஆதரவு இல்லையெனில், எந்தத் தாய்ப்பலகையிலும் இரண்டாம் அட்டை வெறுமனே இருக்கும். சட்டகங்கள் சீரற்ற இடைவெளியில் வருவதால் தோன்றும் நுண் தடுமாற்றமும் பலகையை மாற்றுவதால் பொதுவாக நீங்குவதில்லை. மையச் செயலகம் மெதுவானதாக இருந்தால், இரு அட்டைகளும் வேலையின்றிக் காத்திருக்கும்.

புதிய தாய்ப்பலகையுடன் புதிய செயலகத்தையும் நினைவகத்தையும் சேர்த்து வாங்குவோர் பலர். அதன்பின் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் செயலகத்தால் வருவதே. அதனைப் பலகையின் பயன் எனக் கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

சோதித்தறிதல்

பணம் செலவிடுமுன் காரணத்தைக் கண்டறியலாம். ஜிபியு-இசட் போன்ற மென்பொருள், ஒவ்வோர் அட்டையும் பெறும் தடங்களையும் பதிப்பையும் காட்டும். வேலையற்ற நேரத்தில் மின்சாரத்தைச் சேமிக்க இணைப்பு வேகம் தாழ்த்தப்படுவதால், விளையாட்டு இயங்கும்போதே இதனைப் பார்க்க வேண்டும். அடுத்து, திரைத் தெளிவைக் குறைத்து இயக்கலாம். அப்போதும் சட்டக வேகம் உயராவிட்டால், தடை பெரும்பாலும் செயலகத்தில் உள்ளது.

இன்றைய நிலை

2021 ஆம் ஆண்டு தொடக்கத்துடன், ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் அதற்கு முந்தைய அட்டைகளுக்கும் புதிய எஸ்.எல்.ஐ. அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்தியது. 2022 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் அட்டைகளை இணைக்கும் வசதியே இல்லை. ஆகவே புதிய விளையாட்டுகளுக்காக இரட்டை அட்டைத் தாய்ப்பலகை வாங்குவதைவிட, வேகமான ஓர் அட்டையை வாங்குவதே பொருத்தமானது.

முப்பரிமாணப் படவாக்கம், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளில் பல அட்டைகளின் பயன்பாடு தொடர்கிறது. பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் படவாக்கியில், காட்சித் தரவு அட்டையின் நினைவகத்தில் ஏற்றப்பட்டபின் கணிப்பு அங்கேயே நிகழ்கிறது. குறைந்த தடங்கள் அங்கு பெருந்தடையாவதில்லை. அட்டைகள் இடைவிடாது தரவைப் பரிமாறிக்கொள்ளும் வேலைகளில் தாய்ப்பலகையின் தடங்கள் இன்றும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.