மசகு அறிந்து இடுதல்

இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசி இயங்குமிடத்து உராய்வு தோன்றுகிறது. உராய்வினால் வெப்பமும் தேய்வும் உண்டாகின்றன. இதனை உணர்ந்த நம் முன்னோர் வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்து, மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகாக இட்டனர். மோட்டார் சைக்கிளில் அத்தொழிலைச் செய்வது கிரீசு. மாட்டுவண்டிக்கு ஒரு மசகே போதியதாயிற்று; மோட்டார் சைக்கிளின் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே கிரீசு பொருந்தாது.

கிரீசு என்பது யாது? அது வெறும் கெட்டியான எண்ணெய் அன்று. பஞ்சு நீரைத் தன்னுள் தாங்கியிருப்பதுபோல, ஒருவகைச் சோப்பு எண்ணெயைத் தன்னுள் தாங்கியிருக்கிறது. உராய்வைத் தணிப்பது எண்ணெய். அவ்வெண்ணெய் ஓடிவிடாமல் காப்பது சோப்பு. ஆதலின், சோப்பின் இயல்பை ஒட்டியே கிரீசின் இயல்பும் பெரிதும் அமைகிறது. சாதாரணக் கால்சியம் கிரீசு நீரைத் தாங்கும். மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. சோடியம் கிரீசு வெப்பத்தைத் தாங்கும், நீர்பட்டால் கரைந்துபோகும். 1940-களில் தோன்றிய லிதியம் கிரீசோ இரண்டையும் ஒருவாறு தாங்கவல்லது. ஏறத்தாழ 190 பாகை செல்சியசு வெப்பத்திலேதான் அது இளகிச் சொட்டத் தொடங்கும்.

கிரீசின் கெட்டித்தன்மையை 000 முதல் 6 வரையுள்ள எண்களால் குறிப்பர். மழைநீரும் வெப்பமும் ஒருங்கே தாக்கும் சக்கரப் பேரிங்குக்கு 2 என்னும் எண்ணுடைய லிதியம் கிரீசு ஏற்றது. பெரும்பளுவைத் தாங்கிக்கொண்டு சிறிதே அசையும் பின்சக்கரக் கவையின் அச்சுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீசு நன்று. எண்ணெய்ப் படலம் நசுங்கி விலகினும், அப்பொருளின் மெல்லிய ஏடுகள் உலோகத்தைக் காக்கும். வெளியே சுழலும் சங்கிலிக்குக் கெட்டியான கிரீசு ஆகாது. அதில் புழுதி ஒட்டி, அரம்போல் சங்கிலியைத் தேய்த்துவிடும்.

எல்லாவற்றினும் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் பிரேக்கு ஆகும். டிஸ்க் பிரேக்கின் நழுவும் ஊசிகளை ரப்பர் உறைகள் மூடியிருக்கும். கனிம எண்ணெயாலாகிய கிரீசு பட்டால் அவ்வகை ரப்பர் உப்பிவிடும், ஊசிகள் இறுகும், பிரேக்கு செவ்வனே பிடிக்கவோ விடவோ மாட்டாது. ஆகவே, அங்கே ரப்பருக்குத் தீங்கிழைக்காத சிலிக்கோன் கிரீசையே சிறிதளவு இடல்வேண்டும். உராயும் தகட்டின்மேல் எக்கிரீசும் படலாகாது. ஏனைய இடங்களில் உராய்வு பகை. பிரேக்கிலோ அதுவே உயிரைக் காக்கும் நட்பு. அங்கே மசகிடுவோன், தன்னை நிறுத்தும் கையைத் தானே வெட்டியவன் ஆவான்.

தேர்ந்த கிரீசையும் முறையறிந்தே இடல்வேண்டும். ஒவ்வாத இருவகைக் கிரீசுகள் கலப்பின், இளகி ஒழுகுதல் கூடும். ஆதலின், திறந்த பேரிங்கில் உள்ள பழைய கிரீசை மண்ணெண்ணெயால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே புதியதை இடுக. உள்ளிடம் முழுவதையும் நிரப்புதலும் தவறு. மிகுதியான கிரீசு கடையப்பட்டு வெப்பத்தைப் பெருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ?

உறுப்பைத் தாக்குவது நீரா, வெப்பமா, பளுவா என்பதையும், அருகில் ரப்பர் உண்டா என்பதையும் முதலில் ஆராய்தல் வேண்டும். வண்டியோடு தரப்படும் கையேட்டையும் நோக்குதல் வேண்டும். அதன் பின்னரே கிரீசுக் குப்பியைத் திறப்பது அறிவுடைமையாம்.