வேட்டை நாய்களை மீண்டும் ஓட்டத்துக்குப் பழக்குதல்

நோய், காயம், குட்டி ஈனுதல், கோடை வெயில் முதலிய காரணங்களால் பல வாரங்கள் கட்டிக் கிடந்த வேட்டை நாயின் உடல் வலிமையைப் படிப்படியாக மீட்பதே ஓட்டத்துக்குப் பழக்குதல் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் இராசபாளையம், திருவில்லிபுத்தூர், பிளவக்கல் வட்டாரங்களில் சிப்பிப்பாறை, கன்னி, இராசபாளையம் ஆகிய நாட்டு நாய்கள் வளர்க்கப்படுகின்றன.

இனமும் சட்டமும்

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் நாய்கள். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் இவற்றின் அடையாளம். முற்காலத்தில் இவை முயல் வேட்டைக்குப் பயன்பட்டன. இராசபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இன்று நாயைப் பழக்குவது வேட்டைக்காக அன்று. ஓடுவதற்கென்றே உருவான இனம் சங்கிலியில் கிடந்து சீர்கெடாமல் காப்பதற்காகவே.

ஏன் பொறுமை வேண்டும்?

ஓய்வில் தசை மெலியும். பாதத் தோல் மென்மையாகும். மீண்டும் ஓடும்போது மூச்சும் உற்சாகமும் விரைவில் திரும்பிவிடும். தசைநாணும் எலும்பும் வலுப்பெற அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். நாய் துள்ளுகிறது என்பதற்காக அவிழ்த்துவிட்டால் கால் பிசகுவது இந்த இடைவெளியில்தான்.

பழக்கும் முறை

• முதலில் ஈறுகளைப் பார்க்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம்; உண்ணிக் காய்ச்சலும் அதற்கு ஒரு காரணம். கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்பே பழக்க வேண்டும்.
• முதல் வாரம் விடியற்காலையில் கயிற்றோடு நடை மட்டும் போதும்.
• இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நடையைக் கூட்டி, இடையிடையே மெல்லோட்டம் சேர்க்கலாம்.
• அதன்பின் மண் தரையில் குறுகிய வேக ஓட்டம். கடும் ஓட்டத்துக்கு மறுநாள் ஓய்வு தர வேண்டும்.
• ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே ஓட்டத்துக்குச் சற்று முன்னும் ஓடிய உடனேயும் வயிறு நிறையத் தீனி வைக்கக் கூடாது.

ஆபத்து அறிகுறிகள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு. அது பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. இரைப்பு அடங்காமை, தள்ளாட்டம், கெட்டியான எச்சில் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறிவிட்டு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தசை சிதைந்திருக்கலாம். அப்போதும் தாமதிக்கக் கூடாது.

இடம் தேர்தல்

பிளவக்கலில் உள்ள பெரியாறு, கோவிலாறு அணைகள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்தவை. இம்மலைப் பகுதியில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. காட்டோரம் அவிழ்த்துவிடப்படும் நாய் முயலைக் கண்டால் கூப்பிட்டாலும் நிற்காது. நாய்களிடமிருந்து வெறிநோய் முதலிய நோய்களும் காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடும். வேலியிட்ட தோப்போ, ஊரருகே அடைப்புள்ள சொந்தத் தரிசு நிலமோ இதற்கு ஏற்றது. அவ்வாறு பழக்கினால் நாயும் நலம்பெறும், முயலும் பிழைக்கும்.