அமராவதிக்குத் திட்டம் தந்த சிங்கப்பூர் அமைச்சர் ஈஸ்வரன் ஏன் சிறைக்குப் போனார்?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் புத்தூரைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். தமிழ் பேசும் வீடுகள் நிறைய உண்டு. ஆனால் மாநிலம் ஆந்திரா, தலைநகர் அமராவதி. அந்தத் தலைநகருக்கான வரைபடம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. அப்போது சிங்கப்பூர் தரப்பில் முன்னால் நின்றவர் ஒரு தமிழர்: எஸ். ஈஸ்வரன். 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. என்னதான் நடந்தது?

யார் இந்த ஈஸ்வரன்?

1962-ல் பிறந்தவர். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும், ஹார்வர்டில் பொது நிர்வாகமும் படித்தவர். அரசியலுக்கு வருவதற்கு முன்பே, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான 'சிண்டா'வின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 1997-ல் எம்.பி., 2006-ல் வர்த்தகத் துறை இணை அமைச்சர், 2011-ல் கேபினட் அமைச்சர். 2018 முதல் வர்த்தக உறவுகளுக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். சுருக்கமாச் சொன்னா, உறவுகளை வளர்ப்பதுதான் அவருடைய வேலையாகவே இருந்தது.

ஆந்திராவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மாநிலப் பிரிவினைக்குப் பிறகு, 2014 டிசம்பரில் ஆந்திராவும் சிங்கப்பூரும் தலைநகர்த் திட்டத்துக்காக ஒப்பந்தம் போட்டன. 2015-ல் பெருந்திட்டம் தயாரானது. அந்த ஆண்டு அக்டோபர் 22-ல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய விழாவுக்கு ஈஸ்வரனும் வந்திருந்தார். 2017-ல் 1,691 ஏக்கர் 'ஸ்டார்ட்அப்' பகுதியை உருவாக்கும் பொறுப்பு சிங்கப்பூர் நிறுவனக் கூட்டமைப்புக்குப் போனது.

2019-ல் ஆட்சி மாறியது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2024-ல் சந்திரபாபு நாயுடு திரும்பி வந்தார். 2025 ஜூலையில், அறுந்துபோன உறவை ஒட்டவைக்க அவரே சிங்கப்பூருக்குப் போனார்.

வழக்கு அமராவதி பற்றியதா?

இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் ஃபார்முலா 1 கார் பந்தயத்துடன் தொடர்புள்ள தொழிலதிபர் ஒருவரும், கட்டுமான நிறுவன முதலாளி ஒருவரும் கொடுத்த பரிசுகள்தான் பிரச்சினை. பந்தய டிக்கெட், லண்டன் நாடக டிக்கெட், தனி விமானத்தில் தோஹா பயணம், விஸ்கி, சைக்கிள். எல்லாம் சேர்த்து 4 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 2.5 கோடி ரூபாய்.

பதிலுக்கு அவர் எதுவும் செய்து கொடுத்தாரா?

இந்த வழக்கின் மையமே இதுதான். அவர் மீது முதலில் இருந்த இரண்டு ஊழல் குற்றச்சாட்டுகள், தண்டனைச் சட்டம் 165-வது பிரிவுக்கு மாற்றப்பட்டன. பதிலுக்கு உதவி செய்தாரா என்பதை நிரூபிக்க வேண்டிய அவசியம் அந்தப் பிரிவில் இல்லை. பதவி வழியாகத் தொடர்புள்ள ஒருவரிடமிருந்து, உரிய விலை கொடுக்காமல் மதிப்புள்ள பொருளை வாங்கினாலே குற்றம். இப்படி நான்கு குற்றச்சாட்டுகளையும், விசாரணை தொடங்கியது தெரிந்த பிறகு தோஹா டிக்கெட்டுக்குப் பணம் கட்டி நீதிக்கு இடையூறு செய்ததான ஒரு குற்றச்சாட்டையும் அவர் ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். நீதிபதி கொடுத்தது 12 மாதம்.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் உண்டா?

உண்டு. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: 1860-ன் இந்தியத் தண்டனைச் சட்டம். அதிலிருந்த 165-வது பிரிவு, 1988-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவாக மாறியது. எழுத்தில் நம்மிடமும் இருக்கிறது. சிங்கப்பூர் அதை அமைச்சராக இருந்த ஒருவர் மீதே பயன்படுத்தியது.

சரி, இதுல நமக்கு என்ன?

இரண்டு விஷயம். ஒன்று, இரண்டு தலைவர்களின் நெருக்கத்தை நம்பி நிற்கும் திட்டம், ஆட்சி மாறினால் விழுந்துவிடும். அதற்கு விலை கொடுப்பது புத்தூர்க்காரரும் சேர்ந்துதான். ஹைதராபாத் கூட்டுத் தலைநகராக இருந்த காலம் 2024 ஜூன் 2-ல் முடிந்தபோதும் அமராவதி கட்டி முடியவில்லை.

இன்னொன்று, உங்களுக்கே. இந்தப் பிரிவு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கானது என்றாலும், கேள்வி எல்லா ஆபீஸுக்கும் பொருந்தும். உங்கள் வேலையால் லாபம் அடையக்கூடிய ஒருவர் ஐபிஎல் டிக்கெட் நீட்டினால், "நண்பர்தானே" என்று தோன்றும். உங்கள் பதவி இல்லாவிட்டாலும் அவர் அதைக் கொடுத்திருப்பாரா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.