வாசல் அடைத்த நாளில் ஒரு நாவலின் பெயர்

நல்ல நாவலொன்றை வாசித்து முடித்தவனுக்கு உடனே ஓர் ஆவல் பிறக்கிறது. அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லி, அவரையும் வாசிக்கச் செய்ய வேண்டும். சோற்றைத் தனித்து உண்டுவிடலாம். கதையைத் தனித்து வைத்திருத்தல் அரிது. ஊர் அடங்கி, படலைகள் சாத்தப்பட்டு, மனிதர் மனிதரைச் சென்று காண்பதே தவறென்றிருந்த நாட்களில் இந்த ஆவல் எங்ஙனம் உயிர்த்திருந்தது என்பது குறித்து ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறேன்.

இது புதிய செய்தியன்று. 1348ஆம் ஆண்டிலே புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. அந்நோய்க்கு அஞ்சி நகரை விட்டு நீங்கிய பத்துப் பேர், பத்து நாட்களில் நூறு கதைகளை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதாகப் பொக்காச்சியோ தமது நூலை அமைத்தார். 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, அல்பேர் காம்யு 1947இல் வெளியிட்ட கொள்ளைநோய் பற்றிய நாவலைப் பல நாட்டு வாசகரும் மீண்டும் தேடி வாங்கினர். அச்சம் சூழ்ந்த வேளையில் மனிதர் கதையை நாடுவது வீண்பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இவை சான்று.

இலங்கையில் 2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது சிறிது தளர்ந்து, நாம் மூச்சுவிட்டிருக்கையில், அவ்வாண்டு நவம்பரில் நோய் எமது கரைக்கே வந்தது. அக்கரைப்பற்றுச் சந்தையோடு தொடர்புற்றோரிடையே நோய் பரவ, அவ்வூர் தனிமைப்படுத்தப்பட்டது. திருக்கோவிலிலிருந்து கல்முனைக்குச் செல்லும் கரையோரப் பாதையை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். தம்பிலுவில் கடந்ததும் அக்கரைப்பற்று. அப்பால் அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாய் மாலைபோல் தொடுக்கப்பட்ட பாதை அது. ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். ஆயினும் அந்நாட்களில் கல்முனை கடல்கடந்த தேசம்போல் எனக்குத் தோன்றிற்று.

அங்கேதான் என் நெடுநாள் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைப் போலவே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிலும் மூத்தவராதலால் நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். ஒரு மாலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாஸ்டர், மனம் ஒரு நிலையில இல்ல. ஒரு நல்ல நாவல் சொல்லுங்க" என்றார்.

அவர் மனம் நிலைகொள்ளாமைக்குக் காரணம் நோய் மட்டுமன்று. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்படவேண்டும் என்ற விதி அப்போது நடைமுறையிலிருந்தது. 2021 பெப்ரவரியிலேதான் அடக்கஞ் செய்ய அனுமதி கிடைத்தது. அத்துயரைச் சுமந்திருந்தவருக்கு எந்த நாவலைச் சொல்வது?

முதலில், மனத்துக்கு இதமான ஒன்றைச் சொல்ல எண்ணினேன். வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக்கொண்டு அ. பாலமனோகரன் 1973இல் தந்த 'நிலக்கிளி' நினைவுக்கு வந்தது. பாண்டிருப்பைச் சேர்ந்த உமா வரதராஜன் 2009இல் எழுதிய 'மூன்றாம் சிலுவை'யும் நினைவுக்கு வந்தது. அதனை அவர் முன்னரே வாசித்திருந்தார். ஈற்றில் என் நாவில் வந்தது 'கசகறணம்'. அக்கரைப்பற்றுப் பகுதியிற் பிறந்த விமல் குழந்தைவேல் 2011இல் வெளியிட்ட நாவல். அக்கரைப்பற்றுச் சந்தையிலே தமிழரும் முஸ்லிம்களும் கூடிக் குலவி வணிகஞ் செய்த வாழ்வையும், எண்பதுகளின் வன்செயல் அதனைக் கிழித்தெறிந்ததையும் எமது மண்ணின் பேச்சுமொழியிலேயே சொல்வது.

சொல்லிவிட்டேன்; சொன்னபின் அஞ்சினேன். ஆறாத புண்ணையல்லவா தொட்டுவிட்டோம்? தமிழனொருவன் தன் முஸ்லிம் நண்பனுக்கு, அதுவும் இவ்வேளையில், இந்நூலைச் சொல்வது முறையா? நண்பரோ சிரித்தார். "அது நம்மட அலுமாரியிலதான் கிடக்கு. வாங்கி வச்சதோட சரி" என்றார்.

நான்கு நாட்கள் அழைப்பில்லை. ஐந்தாம் நாள் அவர் பேசினார். அக்கரைப்பற்றிலே பிறந்த தம் உம்மாவுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டுகிறாராம். தாம் சிறுமியாயிருந்தபோது கேட்ட சொற்கள் வருந்தோறும் அந்த முதிய அம்மையார், "நில்லு மகன், அதத் திரும்பப் படி" என்பாராம். கலவரம் வரும் பக்கங்களை மட்டும் தமக்குள்ளே வாசித்ததாக நண்பர் சொன்னார். பின்னர் நெடுநேரம் இருவரும் பேசினோம். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில் ஒருநாளும் பேசத் துணியாதவற்றை, ஒரு நாவலின் பாத்திரங்களை முன்னிறுத்தி அன்று பேசினோம்.

பின்பு அவர் என்னைக் கேட்டார்: "இப்ப என்ட முறை. அசன்பே கதை வாசிச்சீங்களா, மாஸ்டர்?"

நான் நாணினேன். கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல். இதனை எத்தனையோ மாணவருக்குப் பரீட்சைக் குறிப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டு தெரியும், ஆசிரியர் பெயர் தெரியும், ஒரு பக்கமேனும் வாசித்ததில்லை. நூலை அனுப்ப வழியில்லாமையால், இரவுதோறும் சிறிது சிறிதாகத் தொலைபேசியிலே அவர் வாசிக்க நான் கேட்டேன். எகிப்து நாட்டுப் பிள்ளையொருவன் பெற்றோரைப் பிரிந்து வேற்று நாட்டிலே வளரும் அக்கதை, பிரிவையே உணவாக உண்டிருந்த அந்நாட்களில் என் நெஞ்சில் நின்றதில் வியப்பில்லை.

இவ்வனுபவம் எனக்குக் கற்பித்தது ஒன்றுண்டு. சிறந்த நாவல்கள் பத்து, இருபது எனப் பட்டியலிடுவது வேறு. ஒருவருக்கு ஒரு நூலைச் சொல்வது வேறு. பட்டியல் நூலை மட்டும் அறியும். பரிந்துரை வாசகரையும் அறிந்திருக்க வேண்டும். எங்கே நடை மெதுவாகும், எந்த வட்டார வழக்குத் தடுக்கும், எந்தப் பக்கம் பழைய காயத்தைத் தொடும் என்பனவற்றை ஒளியாமல் முன்னரே சொல்வது சொல்பவரின் கடமை. கதையின் முடிவைச் சொல்லாதிருப்பது நாகரிகம். வாசித்தவர் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால், அதைப் பொறுமையோடு கேட்பது நட்பு. புதிதாக வாங்க இயலாதபோது, அலுமாரியிலே வாசிக்கப்படாது கிடக்கும் நூலை எழுப்பிவிடுவதும் பரிந்துரையின் பணியே. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணையவழித் தொகுப்பு, ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தவாறே வாசிக்கத் தந்து இப்பணிக்கு உறுதுணையாக நிற்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இக்கரையோரத்திலே நாம் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம், ஒரே மொழியைப் பேசுகிறோம். எனினும் அடுத்த ஊரின் நாவலை அறியாதிருக்கிறோம். அயலூர் வாசகர் ஒருவரை அழைத்து, "உங்கள் ஊரை அறிய நான் எந்த நாவலை வாசிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாதை திறந்தபின் ஒருநாள் நண்பர் திருக்கோவிலுக்கு வந்தார். கையிலே பழைய பத்திரிகையில் சுற்றிய அசன்பே. "முழுக்கக் கேட்டுட்டீங்க, இனி நீங்களே ஒருக்கா வாசிங்க" என்றார். விமல் குழந்தைவேல் 2004இல் எழுதிய 'வெள்ளாவி'யை அவர் கையிலே கொடுத்தேன். "இது எங்கள் பக்கத்துக் கதை, காக்கா. உம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்" என்றேன்.